கடல் இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட்

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், நான் பல ஊர்களில் சோறில்லாமல் கிடந்தவன் என்பதுதான். படிப்பு அரைகுறை. பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பு முடிக்கிற செர்த்திபிகா பரீட்சை நெருங்கும்போது ஓடிப்போய்க் கப்பலில் கரி அள்ளச் சேர்ந்தேன். ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் என்று இறக்கிவிடுவார்கள். இன்னொன்றில் நானே இறங்கிவிடுவேன். ஐம்பத்து நாலாம் வருஷக் கடைசியில் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தபோது பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது, அம்மா செத்துப்போயிருந்தாள், எங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கப்பல் சரக்கு இறக்குகிற கடல் பாலத்துப் பக்கம் வேலை கேட்டு அலைந்ததில் இந்த ஆபீஸ் அகப்பட்டது.

பயண ஏஜென்சிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். டிக்கெட் போடுவதைப் பற்றி நான் எழுதி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதை உங்கள் கம்ப்யூட்டர் செய்துவிடும். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை அது சொல்லித் தராது. அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக ஞாபகமில்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது.

முதலாளி வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்ட பிறகு ஆபீஸ் முழுக்கத் தலைமைக் குமாஸ்தாவின் கையில் இருந்தது. நம் ஊர்க்காரர்தான் என்றாலும் அவரை நாங்கள் வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவது மாதிரி முசியே என்றுதான் கூப்பிடுவோம். தொழில் தெரிந்த மனுஷன். ரெயூனியன் தீவுக்கோ மர்சேய்க்கோ போகிற ஆள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தால் என் பக்கம் கையை நீட்டி, "ஊர்சுத்தி, இவருக்கு ரெயூனியன் சொல்லுப்பா" என்பார். நான் சொல்வேன். எந்தத் தெருவில் தமிழாள் கடை இருக்கிறது, நல்ல அரிசி எங்கே கிடைக்கும், காளி கோயிலில் எப்போது கூட்டம் சேரும். மூட்டைப்பூச்சியைப் பற்றியும் போலீசைப் பற்றியும் சொல்லக் கூடாது. "நல்லத மட்டும் சொல்லு. கெட்டத அங்க போயி அவனே பாத்துக்குவான்" என்பது முசியே வைத்திருந்த சட்டம். வயிற்றுக்காக நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று வந்தவள் பெயர் அஞ்சலை. முத்தியால்பேட்டை. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். அவள் புருஷன் கலியபெருமாள் இங்கே மில்லில் பிட்டராக இருந்தவர். வேலை போனதும் கப்பலில் இன்ஜின் அறைக்குச் சேர்ந்து, தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் இறங்கி, மெதெயின் என்கிற ஊரில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்துவிட்டார். இப்போது பெண்டாட்டியை வரச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கிடையாது என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அவளை அழைத்து வந்தவன் புருஷனின் தம்பி ஏழுமலை. அவனும் கப்பல்காரன்தான். அண்ணனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான்.

எல்லாம் தயார். சாயங்காலத்துக்குள் அவள் பெயரைத் தந்தியில் அனுப்பினால் கொழும்பிலிருந்து கிளம்பும் கப்பலில் இடம் கிடைக்கும். விட்டால் விசா தேதி போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முசியே பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த ஊர்ல கடல் எவ்ளோ தூரம்?"

"ஐயய்ய, அண்ணி!" என்றான் ஏழுமலை. "எத்தினி வாட்டி சொல்றது? வாசல்ல நின்னா அலை தெரியும். என் கண்ணால பாத்துட்டு வந்துட்டேன்."

"ஒன்ன கேக்கல தம்பி. நீ வூட்டு மனுசன். வேத்து மனுசர் ஒருத்தர் வாயால கேக்கணும்."

முசியே சிரித்தார். "வேத்து மனுசன் இங்கியே இருக்கான்மா. அந்த ஊர்ல குப்ப கொட்டிட்டு வந்தவன். யோவ் ஊர்சுத்தி, அம்மாவுக்கு மெதெயின் சொல்லு."

புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அது அவளுடைய அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த ஊரில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி, மலையைக் குடைந்த சுரங்கத்தைக் கடந்து, ஒரு பேராற்றின் கரையில் இறங்கி, அங்கிருந்து ஆற்றுக் கப்பலில் நாள் கணக்காகப் போக வேண்டும். அந்த ஊரில் பிறந்து கடலைப் பார்க்காமலே செத்த கிழவர்களை எனக்குத் தெரியும்.

உடனே பதில் சொல்லாமல் ஏழுமலையைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க கப்பல்லேருந்து எறங்கி வூட்டுக்கு எப்பிடிப் போனீங்க?"

"எப்பிடின்னா? பொட்டிய தலையில வெச்சிக்கினு நடந்துதான்."

"மலைய எந்தப் பக்கமா ஏறினீங்க?"

"மலையா? எந்த மலை?"

அந்த ஊரில் ஒரு நிமிஷம் நின்றவன் இப்படிக் கேட்கமாட்டான். கிழக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பினாற்போல மலை நிற்கும். ஏழுமலை முசியேயின் முகத்தைப் பார்த்தான். முசியே ஒரு இருமல் இருமிவிட்டு, "அந்த கொடோன் சாவி எங்க? வா, எடுத்துக் குடு" என்று எழுந்தார்.

பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார்.

"கடல் இல்லியா?"

"இல்ல."

"பய பொய் சொல்றான்?"

"அந்த ஊருக்கே போனதில்ல அவன்."

"புருசன் அங்க இருக்கானா?"

"காகிதம் சரியாத்தான் இருக்கு. மில்லு பேரும் சரி."

"அப்பறம் என்னாய்யா? அவ புருசங்கிட்டதானே போறா, கடலுகிட்டயா போறா? கிட்டதாம்மான்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சிது."

யோசித்துப் பார்த்தால் அதை மோசமான பேச்சு என்று தள்ள முடியாது. புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே. ஒரு வார்த்தையில் இரண்டு பேரும் சேர்வார்கள். உங்களுக்கும் இப்படிச் சொல்லித் தரும் ஆட்கள் வருவார்கள், அவர்கள் கெட்டவர்களாகவும் இருக்கமாட்டார்கள். ஆனால் பாஷை தெரியாத ஊரில் பொய்யை நம்பி இறங்குவது என்ன என்று எனக்குத் தெரியும். வந்த வழியே திரும்பிப் போகிறேன் என்று சொல்ல அங்கே மேசையும் இருக்காது, மேசைக்குப் பின்னால் ஆளும் இருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், அவள் கடலை எதற்குக் கேட்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"எதுக்குன்னு கேட்டுட்டு பதில் சொல்றேன்" என்றேன்.

"கேட்டா அவ சொல்லுவா. சொன்னா அப்பறம் உன்னால பொய் சொல்ல முடியாது. அதனாலதான் நான் யாரையும் எதுக்குன்னு கேக்கறதில்ல" என்றார் முசியே. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கெடுத்தீன்னா நாளையிலேருந்து மேசைல ஒக்காராத. பாலத்துல பொட்டி தூக்கு."

அந்த மழைக்காலம் முழுக்கப் பெட்டி தூக்கினேன். அது பெரிய விஷயமில்லை, அதற்கு முன்பும் தூக்கியிருக்கிறேன். இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். "கடல் எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எம்புள்ள கடல்ல இருக்கான்" என்றாள்.

அழவில்லை. விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள். சில வருஷங்களுக்கு முன்னால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போயிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வந்து இறங்கிய கூட்டம். சாமி முழுக்குப் போடும்போது பையனும் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். ஒரு அலை. கட்டுமரக்காரர்கள் இருட்டும்வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் புதைத்த இடம் என்று ஒன்று இருந்திருக்கும். அது இல்லாததால் அமாவாசைக்கு அமாவாசை அவள் ஒரு கம்மர்கட்டை வாங்கிக்கொண்டு போய் அலையில் போட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்து வருவாள். எந்தச் சாத்திரத்திலும் அப்படி இல்லை. அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

"எந்தக் கரையில நின்னாலும் அதே தண்ணிதானே? அந்த ஊரு கடலும் நம்ம கடலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு தம்பி சொல்லிச்சு. அதான் வரேன்னு சொன்னேன். கடல் இல்லாத ஊருன்னா நான் வர்ல. அவரு கப்பலுக்குப் போறப்பவே சொல்லிட்டேன்."

முசியே என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல கடல் இல்லம்மா" என்றேன்.

ஏழுமலை துள்ளி எழுந்தான். "யோவ், என்னா பேசற நீ? நான் பாத்துட்டு வந்து சொல்றேன், நீ..."

"ஏழுமல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ வூட்ட பாத்தியா?"

"அண்ணி..."

"பாத்தியா, இல்லியா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். "இல்ல. எங்க கப்பல் நின்ன தொறமுகத்துக்கு அண்ணந்தான் வந்துச்சு. அவ்ளோ தூரம் எறங்கி வந்துச்சு. வாசல்ல கடல் இருக்குன்னு சொல்லு, நீயே பாத்தேன்னு சொல்லு, இல்லன்னா உங்க அண்ணி எடத்த வுட்டு நகராதுன்னு கைய புடிச்சிக்கினு அழுதுச்சு. நான் என்னா பண்ண சொல்ற?"

அதுவரை நான் அவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியைக் கப்பலேற்றிவிட்டு வீட்டைச் சுருட்டப் பார்க்கிறான் என்று. இந்தத் தொழிலில் பொய்கள் நிறைய உங்கள் எதிரில் வந்து உட்காரும். அவற்றில் பாதிக்கு மேல் திருடர்கள் சொல்கிற பொய் அல்ல. பாசத்தில் சொல்கிறார்கள், ஏக்கத்தில் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கு அடி ஒன்றுதான்.

அத்துடன் முடிந்தது என்று காகிதங்களை மூடப் போனேன். அவள்தான் மூடவிடவில்லை.

"அப்ப என்னாதான் இருக்கு அந்த ஊர்ல? சொல்லுங்க. நல்லது கெட்டது எல்லாத்தியும்."

முசியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்த ஆபீசில் ஒரு ஊரை முழுசாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீர் ஏந்துவது மாதிரி பிடிக்கச் சொன்னேன். அவள் பிடித்தாள். அந்தக் குழிதான் ஊர் என்றேன். விரல்கள் இரண்டு பக்கத்து மலை. நடுவில் ஓடுகிற ரேகைதான் ஆறு. தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. உயரத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க நம் மார்கழிக் காலை மாதிரி இருக்கும். புழுக்கம் கிடையாது. மழைக்காலம் வருஷத்தில் இரண்டு தடவை வரும், வந்தால் விடாது.

"யாரு இருக்காங்க?"

நானூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் பருத்தி நெய்கிற ஜனம் என்று அங்கே சொல்வார்கள். ஸ்பெயின்காரன் தங்கம் தேடி மலையேறி வந்தான். தங்கம் பள்ளத்தாக்கில் இல்லை, சுற்றி இருந்த மலைகளில் இருந்தது. மலையில் தோண்டினவர்கள் செத்தார்கள். பள்ளத்தாக்கில் உட்கார்ந்து அவர்களுக்குத் தானியமும் துணியும் விற்றவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். ஊர் அப்படித்தான் வளர்ந்தது. எல்லாச் சரக்கும் கோவேறு கழுதை முதுகில் வந்த காலம் அது. பிறகு மலைச்சரிவில் காப்பிச் செடி போட்டார்கள், காப்பி இறங்குவதற்கு ரயில் வந்தது, காப்பிக் காசில் மில் வந்தது. மலையிலிருந்து விழுகிற தண்ணீரில் மில் ஓடிற்று.

"அந்த நெசவு ஜனம்?"

"இல்லம்மா. அவங்க பேரு மட்டும் பள்ளத்தாக்குக்கு இருக்கு."

அவள் கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முத்தியால்பேட்டையில் நெசவுக்காரர்கள் நடுவில் பிறந்தவள்.

நான் நிறுத்தவில்லை. விடியற்காலை நம் ஊர் மாதிரியே மில் சங்கு ஊதும். சங்குக்கு முன்னால் மாதா கோயில் மணி அடிக்கும். பொம்பளைப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக மில்லுக்குப் போவார்கள். அரிசி கிடைக்கும். கறிவேப்பிலை கிடைக்காது. உப்பில்லாத சோள அடையும் அவரைக் கொட்டை மாதிரி ஒரு பெரிய கொட்டையும் தினம் தின்ன வேண்டும். தமிழ் பேச உங்கள் வீட்டுக்காரரைத் தவிர ஆள் இருக்காது.

கெட்டதையும் சொன்னேன். நான் இருந்தபோது நாட்டுப்புறத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் மூட்டையோடு ஊருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆற்றை ஒட்டிய சமநிலமெல்லாம் மில்லுக்கும் பணக்காரருக்கும் சொந்தம். வந்தவர்கள் சரிவில் ஏறிக் குடிசை போட்டார்கள். பெருமழையில் சரிவு கரைந்து இறங்கும். வீடும் ஆளும் சேர்ந்து இறங்கும். மறுவாரம் அதே இடத்தில் வேறு ஆள் குடிசை போடுவான்.

"ஆத்துக்கு இந்தாண்டயா அந்தாண்டயா அவரு வூடு?"

"தெரியலம்மா. மில்லு கட்டின வூடா இருந்தா பயமில்ல."

ஆற்றைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். கோணல்மாணலாக ஓடி வெள்ளம் வரும்போதெல்லாம் ஊருக்குள் புகுந்த ஆறு அது. அதை நேராக்கி இரண்டு பக்கமும் சுவர் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் வாரியவர்களில் நானும் ஒருவன். மில்லில் என்ன சாயம் தோய்க்கிறார்கள் என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலையில் சிவப்பாக ஓடும், சாயங்காலம் நீலமாக ஓடும். என் காலும் அதே நிறத்தில் இருக்கும். அந்த வேலையில்தான் கால் புண்ணாகி வேலையை விட்டு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் சரக்கு வண்டியிலும் கடற்கரைக்கு இறங்கினேன்.

ஏழுமலை தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீங்க வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். எங்கண்ணி போய்ச் சேந்திருக்கும். அங்க போயி ரெண்டு நாளு அழும். அப்பறம் சரியாயிடும்."

"சும்மா இருந்திருந்தா அங்க எறங்கின மொத நாளு காலையில கடல் எங்கன்னு கேக்கும். உங்க அண்ணன் என்னா பதில் சொல்லுவாரு? அப்ப கோச்சிக்கினு எழுந்து போறதுக்கு எடம் எது?"

சும்மா இருந்திருக்கலாமா என்று நான் பல தடவை எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இன்று அதே மேசையில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன்.

வெளியே தூறல் விழத் தொடங்கிவிட்டது. தந்தி ஆபீஸ் மூட அதிக நேரமில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை, பேனாவைத் தொடவும் இல்லை. புருஷன் பொய் சொன்னார், சரி. ஆனால் துறைமுகம்வரை இறங்கி வந்து தம்பியின் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் போகட்டும் என்று எனக்குப் பட்டது. இந்த முறை முசியேவுக்காக இல்லை.

"அம்மா, அந்த ஆறு வடக்க போவுதுன்னு சொன்னேன் இல்ல? அது போய் இன்னொரு ஆத்துல சேருது. அது பெரிய ஆத்துல. அந்தப் பெரிய ஆறு கடைசியா கடல்லதான் போய் வுழுது. ஆத்துல போட்டாலும் கடலுக்குத்தான் போவும்."

"அதானே!" என்று முசியே நாற்காலியை முன்னால் இழுத்தார். "தண்ணிக்குத் தண்ணி. என்னாம்மா?" பேனாவை மறுபடி நீட்டினார்.

அஞ்சலை பேனாவைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள். "இது அவருக்குத் தெரியுமா?"

"அங்க இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும்மா."

"ஆறு கடலுக்குப் போவும்னு எனக்குத் தெரியாதாய்யா? நம்ம நோணாங்குப்பத்து ஆறு எங்க போவுது?" முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "கடல் இல்ல அஞ்சல, ஆறு இருக்கு வான்னு சொல்லியனுப்பியிருந்தா நான் போயிருப்பேன். பொய் சொன்னாத்தான் வருவேன்னு நெனச்சாரே. அதுவும் புள்ளைய வெச்சு."

எழுந்து தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

"வா தம்பி, மழ பெருசாவறதுக்குள்ள போவலாம்."

அன்று கொழும்புக்குத் தந்தி போகவில்லை.